200 வருஷத்துக்கு முந்தைய குற்றவாளியைப் பரிசோதிப்பது எப்படி

முதலில் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய குற்ற வழக்குகளை ஆராயும் என் முறை அங்கிருந்துதான் தொடங்கியது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சட்டக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மதுரையில் நரம்பு உளவியலாளர். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி தொடங்கியவர்கள் என்று தினமும் நாலைந்து பேர் வருவார்கள். எதிரே உட்கார வைத்து எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வேன், கட்டைகளை அடுக்கச் சொல்வேன், ஒரு கதையைச் சொல்லி அரை மணி நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பேன். மூளையில் எந்த வேலை நடக்கிறது, எது நின்றுபோயிருக்கிறது என்று கடைசியில் எழுதிக் கொடுப்பேன். சட்ட மாணவர்களுக்கு இதைச் சொன்னால் கொட்டாவி விடுவார்களே என்று சார்லஸ் விட்மன் கதையை எடுத்தேன். 1966 ஆகஸ்ட் 1 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலே நின்றுகொண்டு கீழே போனவர்களைச் சுட்டவர். அதற்கு முன்பே தாயையும் மனைவியையும் கொன்றிருந்தார். தன் மூளையை அறுத்துப் பார்க்கும்படி எழுதி வைத்திருந்தார். அறுத்துப் பார்த்தார்கள், கட்டி இருந்தது. "அந்தக் கட்டி, பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்கிற மூளைப் பகுதியை அழுத்தியது. அதனால்தான் சுட்டார்" என்று முடித்தேன். நல்ல கைதட்டல்.

முன்வரிசையில் இருந்த ஒரு வயதான வழக்கறிஞர் மெதுவாகக் கேட்டார்: "அமிக்டலான்னு எந்த ரிப்போர்ட்ல இருக்கும்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கேயோ படித்தது, எல்லோரும் சொல்வது. வீட்டுக்கு வந்து ராத்திரி தேடினேன். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் முதலில் வேறொரு வகைக் கட்டியைக் குறிப்பிட்டு, அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்றிருந்தார். பிறகு டெக்சாஸ் ஆளுநர் கானலி அமைத்த நிபுணர் குழு அது கிளையோபிளாஸ்டோமா என்கிற மூளைப் புற்றுக்கட்டி என்றது. உணர்ச்சியையும் செயலையும் கட்டுப்படுத்த முடியாமல் போனதில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம் என்றதோடு நிறுத்திக்கொண்டது. நான் மேடையில் காட்டிய உறுதி அந்தத் தாள்களில் எங்கேயும் இல்லை. அங்கே இருந்த வேறு விஷயங்களை நான் மேடையில் சொல்லவே இல்லை: அடிக்கிற அப்பா, ராணுவத்தில் நடந்த விசாரணை, தூக்கத்தை விரட்டும் மாத்திரைகள், சம்பவத்துக்கு நாலு மாசம் முன்பே பல்கலைக்கழக மனநல மருத்துவரிடம் போய், கோபுரத்தில் ஏறி ஆட்களைச் சுடும் நினைப்பு வருவதாகச் சொன்னது.

அதற்கப்புறம் பழைய வழக்கு எதையும் ஒரு ஒழுங்கு இல்லாமல் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன். உளவியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று இல்லை, பொறுமையாகப் படிக்கிற யாரும் செய்யலாம்.

வழக்கைத் தேர்ந்தெடுப்பது

பிரபலமான வழக்கு வேண்டாம். காகிதம் நிறைய இருக்கிற வழக்கு வேண்டும். 1888இல் லண்டனில் பெண்களைக் கொன்ற, கடைசிவரை பிடிபடாத ஜாக் தி ரிப்பரின் மூளையைப் பற்றி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆள் யாரென்றே தெரியாது, யாரைப் பரிசோதிப்பது? குற்றம் சாட்டப்பட்டவர் பேசியது, வேலை செய்தது, சாப்பிட்டது, தூங்கியது எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர்கள் சத்தியப் பிரமாணம் செய்து சொல்லியிருக்க வேண்டும்.

லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையான விசாரணைப் பதிவுகள், கிட்டத்தட்ட 2 லட்சம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முற்காலத்தவை அச்சிட்டு விற்பதற்காகச் சுருக்கப்பட்டவை, போகப்போக விரிவாகும். 1843இன் டேனியல் மெக்நாட்டன் வழக்கு அதில் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது அதைவிடப் பழையது: 1800இன் ஜேம்ஸ் ஹாட்பீல்டு வழக்கு. இது ஸ்டேட் டிரயல்ஸ் என்கிற பழைய தொகுப்பின் 27ஆம் பாகத்தில் கிடைக்கும்.

ஏன் ஹாட்பீல்டு? ஒன்று, மூளைக்காயம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. இன்னொன்று, குற்றச்சாட்டு ராஜத்துரோகம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கொலை, திருட்டு வழக்குகளில் குற்றவாளியின் வக்கீல் ஜூரியைப் பார்த்துப் பேசவே கூடாது. 1836இல்தான் அந்த உரிமை வந்தது. ராஜத்துரோகத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால் தாமஸ் எர்ஸ்கின் என்கிற பெரிய வக்கீல் வந்து பேசினார், டாக்டர்களை வரவழைத்தார், எல்லாம் பதிவாயிற்று. இதே ஆள் ஒரு ரொட்டிக்கடைக்காரரைச் சுட்டிருந்தால் நமக்கு ரெண்டு பக்கம்கூடக் கிடைத்திருக்காது. இதை மறக்காதீர்கள்: உங்கள் கையில் இருப்பது மூளையின் பதிவு இல்லை, சட்டம் எதைப் பேச விட்டதோ அதன் பதிவு.

நோட்டில் நாலு கட்டம்

விளக்கம், கருத்து எதையும் எழுதாமல், முதலில் காலவரிசை போடுங்கள். நான் நீளவாக்கு நோட்டில் நாலு கட்டம் போடுவேன். எப்போது நடந்தது. என்ன நடந்தது. யார் பார்த்தார். பார்த்ததற்கும் சொன்னதற்கும் இடையில் எவ்வளவு காலம். இந்த நாலாவது கட்டத்தை எல்லோரும் விட்டுவிடுவார்கள். கைதான அன்று ராத்திரி ஒருவர் கேட்டுச் சொன்னதும், ஆறு வருஷம் கழித்து நினைவிலிருந்து சொன்னதும் ஒரே எடை இல்லை.

ரெண்டாவது கட்டத்தில் செயலை மட்டும் எழுதுங்கள். பழைய நோய்ப்பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டு இன்றைய பெயருக்கு மாற்றுவதுதான் இந்த வேலையில் முதல் பாவம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பதிவில் 'ஃபிட்' (fit) என்று வந்தால் வலிப்பாகவும் இருக்கலாம், மயக்கமாகவும் இருக்கலாம், வெறும் கோபமாகவும் இருக்கலாம். 'மூளைக்காய்ச்சல்' என்று வந்தால் அதற்குள் ஐந்தாறு நோய்கள் உட்கார்ந்திருக்கும். நம் பாட்டிமார் 'பேய் அடிச்சிருச்சு' என்று சொன்னதை வைத்து நான் ஒரு நோயறிக்கை எழுத முடியுமா? "ராத்திரி எழுந்து கிணற்றடிக்குப் போனாள், கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை, காலையில் ஒன்றும் ஞாபகம் இல்லை" என்று சொன்னால் எழுத ஆரம்பிக்கலாம்.

ஹாட்பீல்டுக்கு என் நோட்டில் இருப்பது இது.

1794 மே, வடக்கு பிரான்சில் லீல் நகரத்துக்குப் பக்கத்தில் சண்டை. குதிரைப்படை வீரர். தலையில் பல வாள்வெட்டு, மண்டையோட்டைப் பிளந்த வெட்டுகள். பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டார். திரும்பி வந்தபின் படையில் புத்தி பேதலித்தவராக நடந்துகொண்டார். 1796 வாக்கில் அவரை அந்த நிலையில் பார்த்ததாகப் படை மருத்துவர் பிற்பாடு நீதிமன்றத்தில் சொன்னார். படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். லண்டனில் வெள்ளிப் பட்டறையில் ஸ்பூன் செய்கிற வேலை. மனைவி, எட்டு மாதக் குழந்தை. பானிஸ்டர் ட்ரூலாக் என்ற செருப்புத் தைக்கும் மனிதரோடு பழக்கம். அவருக்குத் தானொரு தீர்க்கதரிசி என்ற நினைப்பு. தன் சாவால் உலகத்துக்கு மீட்பு வரும், கிறிஸ்து திரும்பி வருவார் என்று ஹாட்பீல்டு நம்ப ஆரம்பித்தார். தற்கொலை பாவம். ஆகவே மற்றவர்கள் கையால் சாக வேண்டும். சம்பவத்துக்கு ரெண்டு நாள் முன், உயிராக வைத்திருந்த குழந்தையைக் கொல்லப் பார்த்தார். 1800 மே 15, ட்ரூரி லேன் நாடக அரங்கம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தன் இருக்கைப் பகுதிக்குள் வந்து சபையை வணங்கியபோது, கீழே பெஞ்சில் ஏறி நின்று கைத்துப்பாக்கியால் சுட்டார். குறி தவறியது. வாத்தியக்காரர்கள் பிடித்து மேடைக்கு அடியில் இழுத்துப்போனார்கள். விசாரிக்க வந்த மன்னரின் மகன் யார்க் கோமகனை உடனே அடையாளம் கண்டு, அவரிடம் முன்பு சேவகம் செய்ததைச் சொல்லி, மரியாதையாகவே பேசினார். ராஜாவைக் கொல்ல நினைக்கவில்லை, எனக்கு வாழ்க்கை அலுத்துவிட்டது என்றார். ஜூன் 26 விசாரணை.

இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வரி சேர்க்கத் தோன்றினால் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ போடப் போய்விடுவேன்.

ஸ்பூன் ஒரு பரிசோதனை

இப்போதுதான் என் தொழில் உள்ளே வருகிறது. நோயாளி முன்னால் இருந்தால் கவனம், நினைவு, மொழி, கை வேலை, திட்டமிடல், பிறரோடு பழகுவது, நிஜத்தைச் சரிபார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பேன். செத்துப்போனவருக்கு அட்டைகளைக் காட்ட முடியாது. ஆனால் அவர் வாழ்க்கையே அவருக்குச் சில பரிசோதனைகளை வைத்திருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வெள்ளிப் பட்டறை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத்தை அடித்து, வளைத்து, அளவு பார்த்து, தேய்த்து, மெருகேற்றி, அடுத்ததை எடுக்க வேண்டும். விரல் நடுங்கினால் முடியாது. எதற்குப் பின் எது என்று மறந்தால் முடியாது. பாதியில் எழுந்து போகிறவரை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார், அதுவும் வெள்ளி இருக்கிற இடத்தில். மூளையின் முன்பகுதியான முன்மடல் பலமாக அடிபட்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டிலிருந்து முதலில் வருகிற புகார் "வேலைக்குப் போனா நாலு நாள்கூட நிக்க மாட்டேங்கிறான்" என்பதுதான். ஹாட்பீல்டு நின்றார். ஆகவே கவனம், கை வேலை, வரிசைப்படுத்துதல் எல்லாம் ஓரளவு நன்றாகவே இருந்தன என்று எழுதலாம்.

கோமகனோடு பேசியது அடுத்த பரிசோதனை. துப்பாக்கி வெடித்து, கூட்டம் அடித்து இழுத்துப்போன சில நிமிஷங்களில் ஒரு முகத்தை அடையாளம் காண்கிறார், பழைய நினைவோடு இணைக்கிறார், அவருக்கு உரிய மரியாதையில் பேசுகிறார். குழப்பநிலையில் இருப்பவர் இப்படிச் செய்ய மாட்டார்.

திட்டமிடலுக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வாங்கியது, இடம் பார்த்து உட்கார்ந்தது, நேரம் பார்த்து எழுந்தது எல்லாம் சாட்சி. அரசுத் தரப்பு இதைத்தான் பிடித்துக்கொண்டது: இவ்வளவு யோசித்துச் செய்கிறவன் பைத்தியமா?

இந்தக் கேள்வி இன்றும் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் கேட்கப்படுகிறது. நரம்பு உளவியல் உண்மையிலேயே உதவுகிற இடம் இதுதான். திட்டம் போடுகிற திறனும், தன் நம்பிக்கையைச் சந்தேகிக்கிற திறனும் ஒன்றில்லை. என்னிடம் வந்த ஒருவர் திட்டமிடல் சோதனைகள் எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கினார். எழுந்து போகும்போது குனிந்து காதோடு சொன்னார்: "வெளியில உக்காந்திருக்கிறது என் சம்சாரம் இல்லைங்க. அதே மாதிரி வேற ஆளு." ஆதாரம் காட்டினாலும் அசையாத இந்த மாதிரிப் பொய்யான நம்பிக்கைக்கு டெலூஷன் என்று பெயர். அதற்கு ரெண்டு பழுது வேண்டும் என்று இன்றைக்கு ஆய்வாளர்கள் பலர் விளக்குகிறார்கள். விசித்திரமான ஓர் அனுபவமோ எண்ணமோ வருவது ஒன்று. 'அட, இப்படி இருக்குமா' என்று அதைத் தட்டிப் பார்க்கும் காவல்காரர் தூங்கிவிடுவது மற்றொன்று. இந்த ரெண்டாவது பழுதில் வலது முன்மடல் அடிக்கடி பேசப்படுகிறது. காவல்காரர் தூங்கினாலும் வீட்டில் மற்ற எல்லோரும் சுறுசுறுப்பாக வேலை பார்ப்பார்கள்.

1800இலேயே இதை நேரில் பார்த்துச் சொன்ன ஒருவர் உண்டு. அலெக்சாண்டர் கிரைட்டன் என்கிற டாக்டர், 1798இல் மனக்கோளாறுகள் பற்றி எழுதியவர். அதில் கவனக் குறைபாட்டைப் பற்றிய பகுதியை இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஹாட்பீல்டை நேரில் பரிசோதித்துவிட்டு வந்து சாட்சி சொன்னார்: சாதாரணக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறார், பைத்தியம் சம்பந்தப்பட்ட விஷயத்தைத் தொட்டால்தான் பேச்சு தடம் புரள்கிறது. ஸ்கேன் இல்லை, அட்டை இல்லை, ஆனால் நல்ல பரிசோதனை. இந்த மாதிரி ஒரு சாட்சி கிடைத்தால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

வேறு என்னவாக இருக்கலாம்?

இதுவரை சேர்ந்ததை வைத்து ஒரு காரணத்துக்குத் தாவிவிடாதீர்கள். குறைந்தது நாலு காரணங்களை எதிரெதிரே நிறுத்துங்கள்.

ஹாட்பீல்டுக்கு என் முதல் வேட்பாளர் மூளைக்காயத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு. இது அடிபட்ட உடனே வர வேண்டும் என்றில்லை, மாதங்கள், வருஷங்கள் கழித்தும் வரும். ஆனால் காயம்பட்டபோது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். ஸ்கிசோஃப்ரீனியா ஆண்களுக்கு வழக்கமாகத் தலைகாட்டுகிற வயதும் அதுதான். ஆகவே வெட்டுப்படாவிட்டாலும் வந்திருக்கும் நோயோ என்று கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது வலிப்பு. மண்டை பிளந்த காயங்களில் இது சகஜம். வியட்நாம் போரில் மூளைவரை துளைத்த காயம்பட்ட வீரர்களை 15 வருஷம் கழித்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு வந்திருந்தது. வலிப்பு நேரத்துச் செயல் என்றால் திடீரென்று தொடங்கி, திடீரென்று முடிந்து, நடுவில் நினைவு இருக்காது. மே 15 அப்படி இல்லை. ஆனால் வலிப்புக்குப் பின் சில நாள் நீடிக்கும் மனப்பிறழ்வு என்று ஒன்று உண்டு. அதை நான் இன்னும் பட்டியலில் இருந்து அடிக்கவில்லை.

நாலாவது, காலமும் ஊரும். 1790களின் லண்டனில் தீர்க்கதரிசிகளுக்குப் பஞ்சமே இல்லை. ரிச்சர்ட் பிரதர்ஸ் என்பவர் உலக முடிவு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்து 1795இல் அடைத்துவைக்கப்பட்டார், அவரை நம்பியவர்கள் ஏராளம். அந்த ஊரில் ஒருவர் கிறிஸ்து வரப்போகிறார் என்று சொன்னது மட்டுமே நோய்க்கு அடையாளம் ஆகாது. என் சாவுதான் அதற்கு வாசல் என்று குழந்தையின் மேல் கை வைத்ததில்தான் நோய் தெரிகிறது.

தாவுவதால் என்ன ஆகும் என்பதற்குச் சேலம் நல்ல பாடம். நம்ம ஊர் சேலம் இல்லை, மாசசூசெட்ஸில் 1692இல் சூனியக்காரிகள் என்று தூக்கில் போட்டார்களே, அது. கம்பு போன்ற ரை தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சையின் விஷம்தான் அந்தப் பெண்பிள்ளைகளை ஆட்டிவைத்தது என்று 1976இல் லிண்டா காபோரேல் எழுதினார். உலகமே பிடித்துக்கொண்டது. அதே வருஷம் ஸ்பானோஸ், காட்லீப் என்ற இருவர் பழைய பதிவுகளை வரி வரியாகப் பார்த்து மறுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் பார்த்தால் பிள்ளைகள் துடித்தார்கள், அவர் கையால் தொட்டால் அடங்கினார்கள். எந்தப் பூஞ்சை விஷம் இப்படி ஆள் பார்த்து வந்து போகும்? நோயறிகுறிகளின் பட்டியலை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். அறிகுறி எப்போது வந்தது, யார் எதிரில் வந்தது, எப்போது நின்றது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்த நாலு கட்டம்.

நடிப்பு என்கிற சந்தேகம்

இதைக் கேட்காமல் விட்டால் எந்த வக்கீலும் உங்களை மதிக்க மாட்டார். உயிரோடு இருப்பவருக்கு வேண்டுமென்றே தப்பாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தனிச் சோதனைகள் உண்டு. பழைய வழக்கில் ஒரே ஒரு நல்ல வழிதான்: பொய் சொல்ல எந்த லாபமும் இல்லாத காலத்தில் அவர் என்ன சொன்னார்?

மெக்நாட்டனில் இது அழகாகத் தெரியும். கிளாஸ்கோவில் மரம் கடைகிற தொழிலாளி. 1843 ஜனவரி 20 அன்று லண்டனில் பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலர் எட்வர்ட் டிரம்மண்டை முதுகில் சுட்டார். டிரம்மண்ட் ஐந்தாம் நாள் செத்துப்போனார். பீலின் டோரி கட்சிக்காரர்கள் தான் போகிற இடமெல்லாம் பின்தொடர்ந்து துன்புறுத்துகிறார்கள் என்பது மெக்நாட்டனின் வாதம். அவரிடம் 750 பவுண்டு வங்கி ரசீது இருந்தது. அந்தக் காலத்துத் தொழிலாளியிடம் அவ்வளவு பணமா, யார் கொடுத்தது, நடிக்கிறானா என்று பேச்சு கிளம்பியது. ஆனால் விசாரணையில் கிளாஸ்கோவிலிருந்து சாட்சிகள் வந்தார்கள். சம்பவத்துக்கு வெகு முன்பே போலீஸ் அதிகாரியிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் பெற்ற அப்பாவிடமும் போய், உளவாளிகள் தூங்க விடவில்லை, காப்பாற்றுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். ரெண்டு வருஷம் முன்னாலேயே ஒத்திகை பார்க்கிற நடிகரை நான் கண்டதில்லை. (மயக்க நிலையை அளக்க இன்று நாங்கள் பயன்படுத்தும் அளவுகோலும் 1974இல் அதே கிளாஸ்கோவில்தான் பிறந்தது. இது சும்மா சொன்னது.)

அந்த வழக்கில் இன்னொன்று. மெக்நாட்டனைப் பரிசோதிக்காமல், நீதிமன்றத்தில் உட்கார்ந்து சாட்சியங்களைக் கேட்டுவிட்டு டாக்டர் ஃபோர்ப்ஸ் வின்ஸ்லோ கருத்துச் சொன்னார். இது சரியா என்று பெரிய சர்ச்சை. பிறகு பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் கேட்ட ஐந்து கேள்விகளில் கடைசிக் கேள்வியே அதுதான்: நேரில் பார்க்காத மருத்துவரிடம் அபிப்பிராயம் கேட்கலாமா? நாம் செய்வதும் வின்ஸ்லோ செய்ததுதான். அவராவது ஆளைக் கூண்டில் பார்த்தார்.

காயம் இருந்தது, அதனால் சுட்டாரா?

வழுக்குகிற இடம் இதுதான். நான் சட்டக் கல்லூரியில் விழுந்ததும் இங்கேதான்.

காரணம் என்று சொல்ல எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்பதற்கு 2003இல் மருத்துவ இதழில் வந்த ஒரு நோயாளியை அளவாக வைத்திருக்கிறேன். வர்ஜீனியாவைச் சேர்ந்த நாற்பது வயது ஆண். திடீரென்று குழந்தைகள் மேல் பாலியல் நாட்டம், அதனால் வழக்கு. கண்குழிக்கு மேலே முன்மூளையில் பெரிய கட்டி இருந்தது. எடுத்தார்கள், நாட்டம் போயிற்று. சில மாதம் கழித்துத் திரும்ப வந்தது. ஸ்கேன் எடுத்தால் கட்டியும் திரும்ப வளர்ந்திருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி போயிற்று. ஹாட்பீல்டுக்கோ விட்மனுக்கோ இப்படி ஒரு 'எடுத்துப் பார்த்தோம்' கிடையவே கிடையாது. ஆகவே பழைய வழக்கில் 'காரணம்' என்ற சொல்லையே நான் எழுதுவதில்லை. 'பங்கு' என்று எழுதுவேன்.

புதிய ஆய்வுகளும் நம்மை அடக்கத்தான் சொல்கின்றன. 2018இல் மூளைக்காயத்துக்குப் பின் குற்றம் செய்த 17 பேரின் ஸ்கேன்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். காயங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தன. ஆனால் அந்த இடங்கள் எல்லாம் ஒரே இணைப்பு வலையோடு தொடர்புள்ளவை. 'குற்றத்துக்கான இடம்' என்று மூளையில் ஒரு முனையைச் சுட்டிக்காட்டுகிற பழக்கத்துக்கு இது நல்ல அடி. வியட்நாம் வீரர்களில் முன்மடலின் உட்புறக் காயம் உள்ளவர்களிடம் சண்டைக்குணம் மற்றவர்களைவிட அதிகம் என்று 1996இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய செய்தி. என் வார்டில் அதே இடத்தில் காயம்பட்டு, டீவி ரிமோட்டுக்காகக்கூடச் சண்டை போடாத மனிதர்கள் இருக்கிறார்கள்.

சட்டத்தின் கேள்வி வேறு

எர்ஸ்கின் ஜூரியிடம் ஹாட்பீல்டின் தலையைக் காட்டி, மூளையின் சவ்வே தெரிகிறது பாருங்கள் என்றார். ஆனால் அவர் ஜெயித்தது காயத்தைக் காட்டியதால் மட்டும் இல்லை. அதுவரை சட்டம், காட்டு மிருகம் போல முற்றிலும் அறிவிழந்தவருக்குத்தான் மன்னிப்பு என்ற போக்கில் இருந்தது. மொத்த அறிவும் போக வேண்டியதில்லை, டெலூஷன் ஒன்று போதும், அது செயலைப் பிறப்பித்திருந்தால் போதும் என்று அவர் வாதாடினார். தலைமை நீதிபதி கென்யன் விசாரணையை நடுவிலேயே நிறுத்தினார். குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. உடனே அவரை எங்கே வைப்பது என்ற பிரச்சினை வந்து, அந்த வருஷமே அதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். 1841இல் பெத்லம் மனநல விடுதியில் சாகும்வரை அவர் வெளியே விடப்படவில்லை.

பிரபுக்கள் சபையின் அந்த ஐந்து கேள்விகளுக்கு நீதிபதிகள் சொன்ன பதில்களிலிருந்து பிறந்ததுதான் மெக்நாட்டன் விதி. இப்போது 43 வருஷம் தள்ளி வந்த அந்த விதியை ஹாட்பீல்டுக்குப் போட்டுப் பாருங்கள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இருந்தாரா? அது தப்பு என்று தெரியாமல் இருந்தாரா? ஹாட்பீல்டுக்கு ரெண்டுமே தெரியும். ராஜாவைச் சுட்டால் தூக்கு நிச்சயம் என்று தெரிந்ததால்தான் சுட்டார். சட்டத்தைப் பற்றிய அவருடைய சரியான அறிவுதான் அந்தப் பைத்தியக்காரத் திட்டத்தின் அச்சாணி. அந்த விதிப்படி அவர் தூக்கில் தொங்கியிருக்கக்கூடும். அந்த விதியின் சாயல்தான் 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவில் வந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22ஆம் பிரிவாக இருக்கிறது. மூளை அதேதான், மாறியது கேள்வி. ஆகவே உங்கள் அறிக்கையில் இந்த ரெண்டையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள்.

எழுதும்போது

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் 'உறுதி', 'அநேகமாக', 'இருக்கலாம்' என்று மூன்றில் ஒன்றைப் போடுவேன். பிறகு பென்சிலை அழித்துவிட்டு, அந்தச் சொல்லை வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுபோவேன். ஹாட்பீல்டுக்கு நான் எழுதியது இப்படி முடிகிறது: "மண்டையோட்டைப் பிளந்த காயம் உறுதி. காயத்துக்குப் பின் மனப்பிறழ்வு வந்ததும் உறுதி. கவனமும் திட்டமிடலும் அநேகமாக நல்ல நிலையில் இருந்தன. தன் நம்பிக்கையைச் சரிபார்க்கும் திறன் அநேகமாக ஒரு விஷயத்தில் மட்டும் உடைந்திருந்தது. அதில் காயத்துக்குப் பங்கு இருக்கலாம்." ஒரு ஞாயிறு முழுக்க உழைத்துக் கிடைத்தது ஐந்து வாக்கியம். என் மகன் இதைப் பார்த்துவிட்டு "இதுக்குத்தான் காலையிலேர்ந்து உக்காந்திருக்கியாம்மா?" என்றான்.

எலும்பைப் பார்த்துக் குணம் சொல்கிற ஆசை வந்தால், 19ஆம் நூற்றாண்டு இத்தாலியில் லொம்ப்ரோசோ என்கிற மருத்துவர் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கலாப்ரியாவைச் சேர்ந்த வில்லெல்லா என்ற ஏழையின் மண்டையோட்டில் ஒரு சின்னப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, 'பிறவிக் குற்றவாளி' என்று ஒரு கொள்கையையே கட்டினார். அந்த மண்டையோடு இன்னும் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டும் கிடைக்கவில்லை.

சரி, கை பழக ஒரு வழக்கு தருகிறேன். சைமன் ஃப்ரேசர், கிளாஸ்கோ, 1878. ஏப்ரல் மாத ராத்திரி ஒரு மணி வாக்கில், தரையைப் பிளந்துகொண்டு வெள்ளை மிருகம் ஒன்று குழந்தையைத் தாக்க வருவதாகக் கண்டு, அதைப் பிடித்து அடித்தார். விழித்தபோது கையில் இருந்தது சொந்த மகன், ஒன்றரை வயது. தூக்கத்தில் தெரியாமல் செய்தது என்று ஜூரி சொன்னது. இனிமேல் தனியாகத்தான் படுப்பேன் என்று உறுதி கொடுத்ததும் விட்டுவிட்டார்கள். நாலு கட்டம் போடுங்கள். தூங்கி எவ்வளவு நேரத்தில் நடந்தது, இதற்கு முன் தூக்கத்தில் என்னென்ன செய்தார், அதை யார் பார்த்தார், விழித்தவுடன் மறைக்கப் பார்த்தாரா அல்லது ஆட்களைக் கூப்பிட்டாரா என்று தேடுங்கள். மற்றதைப் பார்க்கும் முன் முதல் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழித்து நடப்பது பெரும்பாலும் ராத்திரியின் முதல் பகுதியில் வரும். கனவை அப்படியே கை காலால் நடித்துக்காட்டும் கோளாறு பின்னிரவில், அதுவும் வயதானவர்களுக்கு அதிகம். ஃப்ரேசர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.